சென்னையில் ஒன்பதரை மணி நேரம்: வடபழனி போய் வர முடியுமா?

மதியம் 1 மணிக்கு மதுரை விமானம் சென்னையில் இறங்குகிறது, இரவு 10:30க்கு துபாய், நடுவில் வடபழனி சித்தி வீடு என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் எல்லாம் பெட்டியைப் பொறுத்தது.

மதுரையில் பெட்டி போடும்போதே டேக்கைப் பாருங்கள். துபாய் வரை போட்டிருந்தால் கைப்பையோடு வெளியே வரலாம். சென்னையோடு நின்றால் பெல்ட்டில் எடுத்தாக வேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

கைப்பை மட்டும் என்றால் மெட்ரோ: நீல வழித்தடத்தில் ஆலந்தூர், அங்கே பச்சைக்கு மாறினால் வடபழனி. மாலை நெரிசலில் விமான நிலையம் முன்னால் போகும் ஜி.எஸ்.டி. சாலையை நம்ப வேண்டாம். 6 மணிக்குச் சித்தி வீட்டை விட்டுக் கிளம்பிவிடுங்கள் (காபி 5:30க்கே முடியட்டும்). 7:30க்குள் விமான நிலையத்தில் இருங்கள். செக்-இன் கவுன்டர் பொதுவாக விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும்.

பெரிய பெட்டிகள் இருந்தால் அலையாதீர்கள். சித்தி வீட்டாரை விமான நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள். டிக்கெட் இல்லாதவர்களை டெர்மினலுக்குள் விடமாட்டார்கள், ஆனால் எதிரே அடுக்கு வாகன நிறுத்தத்தோடு இருக்கும் ஏரோஹப் மாலில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

கடைசி நேர ஊறுகாய் பாட்டில்தான் வம்பு. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போகாது, பிடுங்கிவிடுவார்கள். பெட்டியில் இரண்டு கிலோ இடம் விட்டு வையுங்கள். பெட்டி துபாய்க்கே போய்விட்டதென்றால் முறுக்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.