மலை சரிஞ்சா எது வரைக்கும் வரும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2024ல வயநாடு நியூஸ் பாத்ததுல இருந்து மனசே சரியில்ல. டிவில ஒரு மலை சரிஞ்சு மண்ணு ஓடி வர்ற மாதிரி கம்ப்யூட்டர் படம் காட்டுனாங்க. அது நெஜமாவே கணக்கு போட்டு வர்றதா, இல்ல சும்மா கிராபிக்ஸா? – வாசகி, கூடலூர்

பதில்: டிவிக்காக வரைஞ்சதும் உண்டு, ஆனா ஆராய்ச்சிக்காரங்க பண்றது முழுக்க கணக்கு தாங்க. மலையோட மேடு பள்ளத்த விமானத்துல இருந்து லேசர் அடிச்சோ சாட்டிலைட்லயோ அளந்து சின்ன சின்ன கட்டமா பிரிச்சுக்குவாங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் மண்ணு எத்தன மீட்டர் ஆழத்துக்கு நிக்குது, எந்தப் பக்கம் என்ன ஸ்பீடுல போகுதுன்னு பாக்கணும், அவ்ளோதான். புவியீர்ப்பு கீழ இழுக்கும், தரையோட உராய்வு புடிச்சு நிறுத்தும், பக்கத்து கட்டத்து மண்ணு தள்ளும், இதெல்லாம் சேத்து அடுத்த கண நேரத்துல என்ன ஆகும்னு போடணும், வந்த விடைய வெச்சு அதுக்கு அடுத்த கணம், இப்படியே ஓட்டம் நிக்கிற வரைக்கும் ஆயிரக்கணக்கான தடவை. 1989ல சேவேஜ், ஹட்டர்னு ரெண்டு பேர் எழுதின சமன்பாடுகள் தான் இதுக்கு அஸ்திவாரம்.

இதுல கஷ்டமே உராய்வு தான். சுவிட்சர்லாந்துக்காரங்களோட ராம்ஸ் சாஃப்ட்வேர்ல, வோல்மிங்கிறவர் 1955ல பனிச்சரிவுக்காக எழுதின முறை இருக்கு, உராய்வுக்கு ரெண்டே நம்பர் தான். பழைய சரிவு ஒண்ணு எங்க போய் நின்னுச்சோ அதோட பொருந்துற வரைக்கும் அந்த நம்பர மாத்தி மாத்தி ஓட்டிப் பாப்பாங்க. உபயோகமான வழி தான், ஆனா பழைய சரிவுக்கு பொருந்தின நம்பர் அடுத்த மலைக்கும் பொருந்தும்னு நம்பி வீடு கட்ட விடக்கூடாதுங்கிறது என் கருத்து.

கேள்வி: ஒரே மலை சில தடவ கொஞ்சமா நகந்து நின்னுடுது, ஒரு நாள் பாஞ்சு வந்து ஊரையே மூடிடுது. ஏன் சார்? – வாசகர், கொடைக்கானல்

பதில்: ரொம்ப சரியான கேள்வி, இதுக்கு ஓசோவ விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல இருக்குற சின்ன ஊர். பக்கத்து சரிவு 2006ல சரிஞ்சு ஆத்த அடைச்சதோட நின்னுச்சு. 2014 மார்ச் 22, சனிக்கிழமை காலைல 10.37க்கு அதே இடம் திரும்ப சரிஞ்சுது, ஏறக்குறைய 80 லட்சம் கன மீட்டர் மண்ணு, இந்த தடவ நிக்கல, ஆத்த தாண்டி ஏறக்குறைய தட்டையா இருக்குற நிலத்துல 1 கிலோமீட்டருக்கு மேல ஓடி ஸ்டீல்ஹெட் ஹேவன்ங்கிற குடியிருப்ப மூடிடுச்சு. 43 பேர் செத்துட்டாங்க. இங்க பெருசா சரியலாம்னு 1999லயே ஒரு அறிக்கை எழுதி வெச்சிருந்தாங்க, அத நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

காரணம் மண்ணுக்குள்ள இருக்குற தண்ணி. நனைஞ்ச மண்ணு லூசா இருந்துச்சுன்னா, நகர ஆரம்பிச்ச உடனே துகள்கள் நெருங்கி உக்காரும், நடுவுல மாட்டுன தண்ணிக்கு வெளிய போக நேரம் இருக்காது, அதோட அழுத்தம் ஏறி மேல இருக்குற மண்ணோட பாரத்தையே அது தூக்கிக்கும், உராய்வு போச்சு, அப்புறம் மண்ணு குழம்பாட்டம் ஓடும். இறுக்கமான மண்ணு நேர் எதிர். நகரணும்னா துகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியாகணும், இடைவெளி விரியும், தண்ணி உள்ள இழுக்கப்படும், மண்ணு தன்னத்தானே புடிச்சுக்கும். கடற்கரையில ஈர மணல்ல கால் வெச்சா காலச் சுத்தி மணல் காஞ்ச மாதிரி வெளுக்குமே, அங்க நடக்குறதும் இதே தான்.

அமெரிக்க புவியியல் ஆய்வு மையம் ஒரிகன் காட்டுல 95 மீட்டர் நீளத்துக்கு, 31 டிகிரி சரிவுல ஒரு கான்கிரீட் கால்வாய் கட்டி வெச்சிருக்கு. அங்க ரிச்சர்ட் ஐவர்சன் குழு நெஜ மண்ணயே கொட்டி தண்ணி விட்டு சரிய வெச்சு பாத்தாங்க, 2000ல ரிசல்ட் வந்துச்சு. பாதிக்குப் பாதி இடைவெளியா இருந்த மண்ணு ஒரே விநாடிக்குள்ள விநாடிக்கு 1 மீட்டர தாண்டிடுச்சு, இடைவெளி 40 சதவீதம் இருந்த மண்ணு விட்டு விட்டு நகந்து சராசரியா விநாடிக்கு 2 மில்லிமீட்டர் தான் போச்சு. அதே மண்ணு, அதே சரிவு!

அப்புறம் ஐவர்சனும் டேவிட் ஜார்ஜும் இந்த தண்ணி அழுத்தத்தையும் கணக்குக்குள்ள சேத்து டி-கிளான்னு ஒரு மாடல் எழுதுனாங்க. அதுல ஓசோவ ஓட்டிப் பாத்தப்போ, மண்ணோட ஆரம்ப இடைவெளி துளி கம்மியா இருந்திருந்தா கூட சரிவு மெதுவாயி, இவ்ளோ தூரம் வந்தே இருக்காதுன்னு தெரிஞ்சுது. அவ்ளோ பெரிய மலைக்குள்ள அந்த துளி வித்தியாசத்த முன்கூட்டியே அளக்க முடியாது. அதனால யாராவது ஒரே ஒரு கோடு போட்ட மேப்ப காட்டி இதுக்கு இந்தப் பக்கம் பத்திரம்னு சொன்னா ஒத்துக்காதீங்க, எத்தன விதமான மண்ணு நிலைமைய வெச்சு ஓட்டுனீங்க, அதுல மோசமானது எது வரைக்கும் வந்துச்சுன்னு கேளுங்க.

கேள்வி: எந்த தேதியில சரியும்னு இந்த மாடல் சொல்லுமா? – மாணவர், ஏற்காடு

பதில்: சொல்லாதுப்பா. சரிஞ்சா எங்க வரும்னு தான் சொல்லும். நேரத்துக்கு மலைய நேரடியா அளந்துட்டே இருக்கணும், ரேடார், ஜிபிஎஸ் எல்லாம் வெச்சு. சுவிட்சர்லாந்துல பிளாட்டன் கிராமத்துக்கு மேல மலை அசையுறத கவனிச்சு 2025 மே மாசம் ஏறக்குறைய 300 பேர வெளியேத்துனாங்க, மே 28 பனிப்பாறையும் பாறையும் சேந்து விழுந்து கிராமத்துல பெரும்பகுதி புதைஞ்சுடுச்சு, ஆனா ஊர்க்காரங்க எல்லாம் அதுக்கு ஒன்பது நாள் முன்னாடியே கிளம்பிட்டாங்க.