வாங்கும் முன் ஒரு வார்த்தை: பிர்ரியா டாக்கோ வாரம்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பண்டத்தைப் பற்றியவை. மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் ஆட்டுக்கறியை மிளகாய் விழுதில் ஊறவைத்து மணிக்கணக்கில் வேகவைப்பார்கள், அது பிர்ரியா. வடக்கே தீஹுவானாவில் அதையே மாட்டுக்கறியில் செய்தார்கள். மக்காச்சோள ரொட்டியை, அதாவது டோர்ட்டியாவை, குழம்பின் மேல் மிதக்கும் சிவந்த கொழுப்பில் தோய்த்துக் கல்லில் போட்டு, சீஸும் கறியும் வைத்து மடித்து, குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கொடுத்தால் கேசாபிர்ரியா. இப்படிக் கறி வைத்து மடித்த டோர்ட்டியாதான் டாக்கோ. சமைக்கும் வேலை பொறுமையோடு முடிந்துவிடும். கடைக்குப் போய் வாங்குவதில்தான் எல்லாரும் அடிபட்டிருக்கிறார்கள்.

டோர்ட்டியாவுக்காகக் கார்ன் ஃப்ளோர் வாங்கினேன், பிசைந்தால் பசையாகிறது. பிறகு மஞ்சள் மக்காச்சோள மாவு வாங்கினேன், தட்டினால் விண்டுபோகிறது. எதில் கலப்படம்? (வாசகி, கோவை)

எதிலும் கலப்படம் இல்லை அம்மா. பெயரில்தான் குழப்பம், அதைத் தீர்த்துவைக்க யாருக்கும் அக்கறையில்லை. நம் மளிகைக் கடையில் கார்ன் ஃப்ளோர் என்றால் வெள்ளை ஸ்டார்ச். கோபி மஞ்சூரியனுக்கும் சூப்பைக் கெட்டியாக்கவும் ஆனது. அமெரிக்காவில் அதற்குக் கார்ன் ஸ்டார்ச் என்று பெயர். அங்கே கார்ன் ஃப்ளோர் என்பது சோளத்தை அப்படியே நைசாக அரைத்த மாவு. வீடியோக்காரர் ஒன்றைச் சொல்கிறார், கடைக்காரர் வேறொன்றை எடுத்துத் தருகிறார், காசு உங்களுடையது.

உங்களுக்கு வேண்டியது மூன்றாவது பொருள்: மாசா ஹரினா. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்துக் காயவைத்த மாவு. சுண்ணாம்பு சோளத்தின் தோலையும் மணியைப் பிணைத்திருக்கும் நார்ப்பொருளையும் கரைத்துவிடுவதால்தான் மாவு ஒட்டிப் பிடிக்கிறது. கோதுமை மாவை ஒட்டவைக்கும் குளூட்டன் என்ற புரதம் சோளத்தில் கிடையாது; சுண்ணாம்பு வேலை நடக்காத மாவை எத்தனை நேரம் பிசைந்தாலும் விண்டுதான் போகும். பாக்கெட்டின் பின்பக்கத்தில் சோளம், சுண்ணாம்பு (கால்சியம் ஹைட்ராக்சைடு) இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது இல்லையென்றால் முன்பக்கத்தில் மெக்சிகோக் கொடியே பறந்தாலும் அது மாசா இல்லை.

அளவு: 2 கப் மாசா ஹரினா (சுமார் 240 கிராம்), ஒன்றரைக் கப் வெதுவெதுப்பான தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு. பிசைந்து ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் வையுங்கள். 30 கிராம் உருண்டையாக உருட்டி அழுத்தும்போது ஓரம் வெடித்தால் தண்ணீர் போதாது; தாளில் ஒட்டினால் அதிகம். இதற்கென்று அச்சு வாங்க வேண்டாம். வீட்டிலுள்ள பூரி பிரஸ்ஸில் இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் போதும். நான் வாங்கிய அலுமினிய டோர்ட்டியா அச்சின் கைப்பிடி வளைந்து பரணில் கிடக்கிறது.

மாசா கிடைக்காத ஊரில் இருந்தால்: காய்ந்த மக்காச்சோளம் 500 கிராம், உணவுத்தர நீற்றுச் சுண்ணாம்பு 5 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க ஊறவைத்து, கையால் தேய்த்துத் தோலைக் கழுவி எடுத்து அரைக்க வேண்டும். ஸ்வீட் கார்ன் உதவாது. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். நிறமும் மணமும் சேர்த்த வெற்றிலைச் சுண்ணாம்பும் வேண்டாம். கிரைண்டர் சுழலத் தண்ணீர் கேட்கும், ஊற்றினால் தோசை மாவாகிவிடும். தெளித்துத் தெளித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அரைக்க வேண்டும்.

பொறுமையில்லாதவர்களுக்காக "கார்ன் டோர்ட்டியா" என்று ரெடிமேடும் விற்கிறார்கள். உட்பொருள் பட்டியலில் எடை கூடியதுதான் முதலில் வரும். அங்கே மைதா முதலில் இருந்தால் நீங்கள் வாங்குவது சோளப் படம் போட்ட மைதா சப்பாத்தி.

ஆன்லைனில் 900 ரூபாய்க்குக் குவாஹியோ மிளகாய் 100 கிராம் வாங்கினேன். தொட்டாலே நொறுங்குகிறது, உள்ளே பூச்சிக்கூடு. "உணவுப் பொருள் திரும்பப் பெறப்படாது" என்கிறார்கள். (வாசகர், சென்னை)

உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. அவர்கள் சொல்லும் விதி சட்டத்தின் முன் நிற்காது. பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்று 2020-இன் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள்; 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உறையின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுங்கள். இறக்குமதிப் பொருளென்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, தேதி, 14 இலக்க உணவு உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். ஜிப் கவரில் அள்ளிப் போட்டு ஸ்டிக்கர் ஒட்டியதில் இவற்றில் பாதி இருக்காது. அதுவே தனிப் புகாருக்கு ஆதாரம்.

நல்ல குவாஹியோ தோல்போல வளையும், ஒடியாது. நிறம் அடர்சிவப்பு, மேலே பளபளப்பு. அடுத்த முறை அவ்வளவு செலவழிக்காமல் பேடகி மிளகாயில் செய்து பாருங்கள். நிறம் வரும், சுருக்கென்ற காரம் இருக்காது. பிர்ரியாவில் போடும் இன்னொரு மிளகாயான ஆன்சோவின் இனிப்புக்கு நாலைந்து உலர்திராட்சையைச் சேர்த்து அரைக்கலாம். அச்சு அசலாக அதே சுவை வராது, ஆனால் 900 ரூபாய்ப் பூச்சிக்கூட்டைவிட மேல். குண்டூர் மிளகாயை அதே எண்ணிக்கையில் போட்டுவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

மாட்டுக்கறி பழக்கமில்லை. மட்டனில் செய்தால் அசல் இல்லையாமே? (வாசகி, மதுரை)

ஹலிஸ்கோவில் ஆடுதான் அசல். கறிக்கடையில் தொடையைக் கேட்காதீர்கள், காய்ந்துபோகும். முன்னங்கால், கழுத்து, நெஞ்செலும்பு கேளுங்கள். சவ்வும் எலும்பும்தான் குழம்புக்குப் பிசுபிசுப்பைத் தரும். ஆட்டில் கொழுப்புக் குறைவு, டோர்ட்டியாவைத் தோய்க்கச் சிவந்த எண்ணெய் மிதக்காது. ஒன்றரைக் கிலோவுக்கு 100 முதல் 150 கிராம் கொழுப்பைச் சேர்த்து வெட்டித் தரச் சொல்லுங்கள்.

அந்த அளவுக்குக் குவாஹியோ 8, ஆன்சோ 3, காரத்துக்கு ஆர்போல் மிளகாய் 2. விதை நீக்கி, பக்கத்துக்கு 15 விநாடி மட்டும் கல்லில் வாட்டுங்கள். கருகினால் மொத்தக் குழம்பும் கசக்கும், எதைப் போட்டும் மீட்க முடியாது. வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, தக்காளி 3, வெங்காயம் 1, பூண்டு 6 பல், வினிகர் 2 மேசைக்கரண்டி, சீரகம், மிளகு, கிராம்பு, கறுவாப்பட்டையோடு அரைத்து வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் மிளகாய்த் தோல் நாக்கில் ஒட்டும். கறியோடு சேர்த்துச் சிறுதீயில் வேகவிட்டால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. குக்கரென்றால் விசில் வந்தபின் சிறுதீயில் 35, 40 நிமிடம்.

டாக்கோ கிட் வாங்கலாமா? வளைந்த மொறுமொறு ஓட்டோடு வருகிறதே. (வாசகர், சேலம்)

வேண்டாம். அந்த ஓட்டைத் தோய்க்கவும் முடியாது, மடிக்கவும் முடியாது.

மொசரெல்லா என்று எழுதிய பாக்கெட்தான் வாங்கினேன். உருகவே இல்லை; எண்ணெய் கக்கி ரப்பர்போல் நிற்கிறது. (வாசகர், திருச்சி)

பின்பக்கத்தைப் படித்தீர்களா? நீங்களே அனுப்பிய படத்தில் இரண்டாவது உட்பொருள் பாமாயில், மூன்றாவது ஸ்டார்ச். முன்பக்கத்தில் "மொசரெல்லா ஸ்டைல்" என்று இருக்கிறது; அந்த "ஸ்டைல்" எறும்பு அளவு எழுத்தில். இதை அனலாக் என்பார்கள். பால்கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் போட்டு விற்பது குற்றமில்லை, அதைச் சீஸ் என்று நம்பவைத்து விற்பதுதான் குற்றம். உங்கள் வழக்கு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது, பணம் திரும்புவது சந்தேகம்.

மெக்சிகோவில் இதற்கு ஒஹாக்கா சீஸ் போடுவார்கள். நூல் நூலாகப் பிரியும், மொசரெல்லா செய்முறைக்கு நெருங்கிய உறவு. இங்கே ஈரம் குறைந்த மொசரெல்லாக் கட்டி வாங்கி நீங்களே துருவுங்கள். பட்டியலில் பால், உப்பு, உறையூற்றும் நுண்ணுயிர், பாலைத் திரியவைக்கும் ரென்னெட் தவிர அதிகம் இருக்கக் கூடாது. துருவியே விற்பதில் ஒட்டாமலிருக்க ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், ஒழுங்காக இழுபடாது. தண்ணீரில் மிதக்கும் உருண்டை மொசரெல்லாவும் வேண்டாம். ஈரம் வெளியேறி டோர்ட்டியா கிழியும். ஒரு டாக்கோவுக்கு 25 கிராம் சீஸ், 45 கிராம் கறி. கறியைப் பிழிந்துவிட்டு வையுங்கள். டோர்ட்டியாவை முதலில் கல்லில் சூடாக்கிவிட்டுத் தோயுங்கள். குளிர்ந்தது மடிக்கும்போதே உடையும். தீ மிதமாக இருக்கட்டும்.

அமெரிக்காவிலிருந்து அக்கா கொண்டுவந்த ஸ்லோ குக்கர், அடாப்டர் மாட்டிப் போட்ட பத்து நிமிடத்தில் தீய்ந்த வாசனை. வாரண்டி கேட்கலாமா? (வாசகர், வேலூர்)

கேட்கலாம், கிடைக்காது. அடாப்டர் துளையின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. 120 வோல்ட்டுக்கான ஹீட்டரை 230-இல் மாட்டினால் ஏறக்குறைய மூன்றே முக்கால் மடங்கு சக்தி இழுக்கும். 240 வாட் பெட்டி 880 வாட் அடுப்பாகிவிடும். அடியில் எழுதியிருந்தது, படித்திருக்க வேண்டும். வெப்ப ஃபியூஸ் மட்டும் போயிருந்தால் மெக்கானிக் மாற்றித் தருவார். பிறகு மின்னழுத்தத்தைக் குறைக்கும் 500 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். உள்கிண்ணத்தில் கீறல் விழுந்திருந்தால் அதற்கும் செலவு செய்யாதீர்கள். அடிகனத்த பாத்திரமும் சிம்மில் வைத்த அடுப்பும் இதே வேலையைச் செய்யும்.

ஒன்றரைக் கிலோ எலும்போடு மாட்டுக்கறி வாங்கினேன், வெந்து பிய்த்தபின் 650 கிராம்தான். எடையில் ஏமாற்றிவிட்டார்களா? (வாசகி, சிங்கப்பூர்)

இல்லை. எலும்பு 400 கிராம் போனது, மீதியில் 40 சதவீதம் தண்ணீரும் கொழுப்புமாகக் குழம்பில் இருக்கிறது. பதினான்கு டாக்கோ வரும். உறைந்த பாக்கெட்டென்றால் உப்புநீர் ஏற்றியதா என்று லேபிளைப் பாருங்கள்.

மெக்சிகோ பயணத்தில் அழகான பூப்போட்ட மண்சட்டி வாங்கினேன். அதிலேயே செய்யலாமா? (வாசகி, டொராண்டோ)

செய்யாதீர்கள். அங்கே பழைய முறையில் குறைந்த சூட்டில் சுட்ட பல சட்டிகளின் பளபளப்பில் ஈயம் இருக்கிறது. பிர்ரியாவில் வினிகரும் தக்காளியும் மூன்று மணி நேரம் கொதிக்கின்றன, புளிப்பு ஈயத்தை இழுத்துவரும். கொதிக்கவைத்தால் போய்விடும் என்பது பொய். "சின் ப்ளோமோ", அதாவது ஈயமற்றது என்று எழுதி விற்பவையும் உண்டு. சாலையோரத்தில் வாங்கியதில் அந்த எழுத்தை நான் நம்ப மாட்டேன். வீட்டிலேயே தேய்த்துப் பார்க்கும் சோதனைக் குச்சிகளையும் நம்ப முடியாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

ஒரு கடையில் ஆன்சோ என்பதை இன்னொரு கடையில் பாசியா என்கிறார்கள். யார் பொய்? (வாசகர், ஹூஸ்டன்)

இரண்டாவது கடை, பெரும்பாலும் தெரியாமல். அமெரிக்காவில் பரவலான தவறு இது. ஆன்சோ என்பது காய்ந்த போப்லானோ மிளகாய்: அகலம், சுருக்கம், வெளிச்சத்தில் பிடித்தால் செம்பழுப்பு. உண்மையான பாசியா ஒரு சாண் நீளம், ஒல்லி, கருப்பு.

பிர்ரியாவில் ஆரிகானோ போடச் சொல்கிறார்கள். பீட்சா கடை ஆரிகானோ பொட்டலம் நிறையச் சேர்ந்திருக்கிறது, போடலாமா? (வாசகர், ஓசூர்)

அதில் பெரும்பாலும் உப்பும் மாவும் கலந்திருக்கும். மெக்சிகோ ஆரிகானோ வேறு குடும்பச் செடி. அது இல்லையென்றால் காய்ந்த மார்ஜோரம் இலை, ஒரு தேக்கரண்டி.

செய்முறையில் "கனேலா" என்று ஒரு பட்டை. இங்கே எங்கே தேடுவது? (வாசகி, கொழும்பு)

சமையலறை டப்பாவில். மெக்சிகோவில் கனேலா என்றால் உங்கள் ஊர்க் கறுவா. இலங்கைக் கறுவாவை மிக அதிகம் வாங்கும் நாடுகளில் மெக்சிகோ முன்னணி. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் குறியீடும் கொடுத்தது. தமிழ்நாட்டு வாசகர்கள்தான் கவனிக்க வேண்டும்: இங்கே பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் கேசியா. தடித்த ஒற்றைச் சுருள், கையால் ஒடியாது, காரம் முந்தும். கறுவா சுருட்டுப்போல அடுக்கடுக்காக இருக்கும், விரலால் நசுக்கினால் நொறுங்கும். குழம்புக்கு அதில் இரண்டு அங்குலத் துண்டு போதும். கேசியாதான் இருக்கிறதென்றால் பாதியாகக் குறையுங்கள், அரைக்காமல் முழுசாகப் போட்டு ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.