பக்கிக்குக் கியர் மாற்றினால் பாக்கி என்ன ஆகும்?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன், வயது 46. பிடித்தங்களுக்கு முன் மாதச் சம்பளம் 24,000 ரேண்ட். என் டபுள் கேப் பக்கியின் (பிக்கப் வண்டி) கடன் முடிந்துவிட்டது. மனைவியின் தம்பி சொன்னதால் போன வருடம் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டேன். அப்புறம் 265/65 டயரைக் கழற்றிவிட்டு 285/70 டயர் போட்டேன், இரண்டும் 17 அங்குல ரிம்தான். இரண்டுக்கும் தனிநபர் கடனில் டாப்-அப் (இருக்கும் கடனோடு சேர்த்துக் கூடுதல் கடன்) எடுத்தேன். இப்போது மேட்டில் வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது. முன்னும் பின்னும் ஆக்சில் கியரை 3.9-லிருந்து 4.3-க்கு மாற்ற 38,000 ரேண்ட் கேட்கிறார்கள். கடனில் இன்னும் 62,000 பாக்கி, 24 மாதம் இருக்கிறது, வட்டி 24 சதவீதம். மறுபடி டாப்-அப் எடுக்கலாமா, அல்லது பென்ஷனில் ஓய்வுக்கு முன்பே எடுக்க விடும் பகுதியான சேமிப்புப் பானையில் இருக்கும் 41,000-ஐ எடுக்கலாமா? பழைய டயர் நான்கும் கராஜை அடைத்துக்கொண்டு கிடப்பதில் மனைவிக்கு வேறு கோபம்.

பதில்: உங்கள் கடிதத்திலேயே முக்கியமானது அந்தக் கடைசி வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

கியர்க்காரர் சொன்னதில் பொய் இல்லை. பழைய டயரின் உயரம் 776 மில்லிமீட்டர், புதியது 831. ஏழு சதவீதம் கூடிவிட்டது. சக்கரம் பெரிதானதால் 3.9 கியர் இப்போது 3.64 போல வேலை செய்கிறது, எண் குறைந்தால் இழுவையும் குறையும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து டவுன் ஹில் ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்குவது அதனால்தான். ஆனால் 4.3 போட்டால் 10 சதவீதம் மாறும். நீங்கள் இழந்ததோ 7. அதாவது 38,000 கொடுத்த பிறகு, நெடுஞ்சாலையில் எஞ்சின் முன்பு சுற்றியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சுற்றும்.

அந்த 38,000-த்தில் என்னென்ன அடக்கம் என்று கேட்டீர்களா? நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும், ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களையும் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து நூல் பிடித்ததுபோல் பொருத்த வேண்டும், கைபிசகினால் அவை இருக்கும் டிஃப் (டிஃபரன்ஷியல்) ஊளையிடும். பேரிங், சீல் போன்றவை பெரும்பாலும் தனிக் கணக்கில் வரும். கொஞ்ச தூரம் ஓட்டிப் பழக்கிவிட்டு எண்ணெயை மறுபடி மாற்ற வேண்டும். நீங்கள் 45,000 என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும். விற்கும்போது அதில் ஒரு ரேண்ட்கூடத் திரும்பாது. கியரைத் தொட்ட வண்டி என்றால் வாங்குகிறவர் இன்னும் விலை குறைத்துத்தான் கேட்பார்.

சரி, டாப்-அப். இப்போது மாதம் சுமார் 3,280 ரேண்ட் கட்டுகிறீர்கள். டாப்-அப் எடுத்தால் கடன் ஒரு லட்சமாகும். ஐந்து வருடத்துக்கு நீட்டுவார்கள், தவணை சுமார் 2,880. பாருங்கள், தவணை 400 குறைகிறது! கடன் கம்பெனியிலிருந்து தொலைபேசியில் பேசும் பெண் இதைத்தான் சந்தோஷமாகச் சொல்லியிருப்பார். மொத்தத்தைப் பாருங்கள். இப்போதுள்ள கடனை முடிக்க ஏறக்குறைய 78,700 போதும். புதிய கடனுக்கு 1,72,600. வித்தியாசம் 94,000 ரேண்ட். 38,000 ரேண்ட் கியருக்கு நீங்கள் கொடுக்கப்போகும் விலை அதுதான். மாதச் சேவைக் கட்டணத்தையும் கடன் காப்பீட்டையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

சேமிப்புப் பானை இதைவிட நல்லதா என்றால், அதுவும் இல்லை. 2024 செப்டம்பரில் இந்த இரு பானைத் திட்டம் வந்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி, பானைக்குள் எப்போது கையை விடலாம் என்றுதான் கேட்கின்றன. அந்தப் பணம் சும்மா வராது. உங்கள் சம்பள அளவுக்கு, எடுக்கும் தொகையில் 26 சதவீத வரி பிடிப்பார்கள். 41,000 எடுத்தால் கைக்கு வருவது 30,300 சொச்சம், அதிலும் நிதி நிர்வாகக் கட்டணம் போகும். கியருக்கே பற்றாது. மீதிக்கு மறுபடி டாப்-அப்தான்!

உங்களுக்குக் கேடு செய்வது கியருமல்ல, டயருமல்ல. மச்சினன் ஒன்று சொன்னால் மறுக்க முடியாமல் சரி என்பதும், அந்தச் சரியைக் கடனில் ஏற்றிவிடுவதும்தான். லிஃப்ட் கிட் டயரைக் கேட்டது, டயர் கியரைக் கேட்கிறது. அடுத்தது ஷாக், பிரேக் என்று ஏதாவது வரும். பக்கிக்கும் பாக்கிக்கும் எழுத்தில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். அந்தக் காலை மாதாமாதம் இழுத்து நீட்டுவது நீங்கள்தான். சனி ஞாயிறு சானி பாஸுக்கு ஓட்டிப்போவது யார் என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. கம்பெனி டயரோடு எத்தனையோ 4x4 பக்கிகள் அந்த மலை ஏறி லெசோத்தோவுக்குள் போய்வருகின்றன. அவனுக்குப் பெரிய டயர்தான் வேண்டும் என்றால் அவன் சம்பளத்தில், அவன் வண்டிக்குப் போட்டுக்கொள்ளட்டும். வீட்டில் அக்காவுக்கு வருத்தம் வரும் என்றால், 94,000 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதி அவரிடமே கொடுங்கள். கராஜைப் பார்த்தே கோபப்படுகிறவர், இதைப் பார்த்தால் உங்கள் பக்கம்தான் பேசுவார்.

இனி கராஜுக்கு வருவோம். ரிம் மாறவில்லை. பழைய நான்கையும் மாட்டி, பேலன்ஸ் செய்து, அலைன்மென்ட் பார்க்க ஆகும் செலவு கியர்ச் செலவின் பக்கத்தில்கூட வராது. வண்டி பழையபடி இழுக்கும், மீட்டர் காட்டும் வேகமும் சரியாகிவிடும். பெரிய டயர்களை விற்றுவிடுங்கள். 10,000 ரேண்ட் கிடைத்தால் அப்படியே கடனில் கட்டுங்கள். தேசியக் கடன் சட்டப்படி எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டிக் கட்டலாம், வேண்டாம் என்று அவர்களால் சொல்ல முடியாது. தவணையைக் குறைக்காமல் 3,280-ஐயே தொடருங்கள். 24 மாதக் கடன் இருபதாவது மாதத்தில் முடிந்துவிடும். லிஃப்ட் கிட்டை இப்போதைக்கு விட்டுவிடலாம், ஆனால் அது இருப்பது காப்பீட்டுக் கம்பெனிக்குத் தெரியுமா? சொல்லாமல் இருந்தால் விபத்து நேரத்தில் கையை விரிக்கலாம். நாளைக்கே சொல்லுங்கள்.

மாட்டுவதற்கு முன் பழைய டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2219 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 22-வது வாரத்தில் செய்தது. ரப்பர் விரிசல் விட்டோ மிகப் பழையதாகவோ இருந்தால் மாட்ட வேண்டாம். பெரிய டயரை விற்ற பணத்தில் அதே 265/65 அளவில் வாங்குங்கள். கடனுக்குக் கட்டும் தொகை அந்த அளவுக்குக் குறையும், பரவாயில்லை.