வறண்ட மண்ணில் வளரும் காட்டு ப்ளூபெர்ரி உண்டா?

ப்ளூபெர்ரி என்றாலே ஈரமான சதுப்பு மண் வேண்டும் என்கிறார்களே, வறண்ட மேட்டு நிலத்தில் வளரும் வகை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக இருக்கிறது. வாக்சீனியம் பாலிடம் என்பது அதன் தாவரவியல் பெயர். இங்கே அமெரிக்காவில் ஹில்சைட் ப்ளூபெர்ரி என்றும் ட்ரைலேண்ட் ப்ளூபெர்ரி என்றும் சொல்வார்கள். நான் வர்ஜீனியாவில் வசிப்பதால் ஷெனண்டோவா மலைப்பாதைகளில் அடிக்கடி பார்க்கும் செடி இது. மண்ணைவிடப் பாறை அதிகமாக இருக்கும் முகடுகளில், ஓக், பைன் மரங்களுக்கு அடியில் முழங்கால் உயரத்துக்குப் படர்ந்து கிடக்கும். கடையில் கிடைக்கும் பழத்தைவிடச் சின்னதுதான், ஆனால் ருசியில் கடைப் பழம் இதன் பக்கத்தில்கூட வராது. கரடிகளும் காட்டு வான்கோழிகளும் இதைத் தேடி வரும்.

மண் வறண்டிருப்பது இதற்குப் பெரிய விஷயமில்லை, அமிலத்தன்மையோடு இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில், ப்ளூபெர்ரிக்கு அமில மண் வேண்டும் என்பதை 1910-இலேயே பரிசோதனைகளோடு எழுதிவிட்டார். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4 முதல் 5 வரை இருந்தால் நல்லது. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகிவிடும், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் தேறாது. சத்தில்லாத மேட்டில் இது பிழைப்பதற்கு வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சையும் ஒரு காரணம். மட்கும் சருகிலிருந்து தழைச்சத்தை அதுதான் எடுத்துக் கொடுக்கிறது. காட்டுத்தீ வந்து மேலே கருகினாலும், மண்ணுக்குள் ஓடும் தண்டிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும்.

அந்தத் தண்டை நம்பிக் காட்டிலிருந்து தோண்டி எடுத்து வராதீர்கள், தயவுசெய்து. பூங்காக்களில் அது சட்டவிரோதம். அதோடு, தாய்ச்செடியிலிருந்து அறுபட்ட துண்டு பெரும்பாலும் காய்ந்துபோகும். உள்நாட்டுச் செடிகள் விற்கும் நர்சரியில் வாங்குங்கள். ஒரே செடியிலிருந்து பிரித்தவையாக இல்லாமல் வெவ்வேறு செடிகளாகக் கேளுங்கள், அயல் மகரந்தம் கிடைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். நிழலிலும் உயிரோடு இருக்கும், ஆனால் பழத்துக்கு வெயில் வேண்டும். அடியில் பைன் சருகு போட்டு மூடுங்கள். சாம்பலோ சுண்ணாம்போ பக்கத்தில்கூட வேண்டாம். அப்புறம், வறட்சி தாங்கும் என்று நட்டதும் விட்டுவிடாதீர்கள். முதல் கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும்.