மேசைக்குப் பழமைத் தோற்றம்: கேள்வி பதில்

கேள்வி: புதிய பைன் மர மேசை. பழசாகக் காட்ட எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் அதன் முன் உட்கார்ந்து பாருங்கள். கை எங்கே ஊன்றுகிறது, கால் எங்கே உரசுகிறது, நாற்காலி எங்கே இடிக்கிறது? தேய்மானம் அங்கேதான் வர வேண்டும்: முன் விளிம்பு, மூலைகள், இழுப்பறைக் கைப்பிடியைச் சுற்றி, கீழ்ச்சட்டத்தின் மேல்புறம். எல்லா இடத்தையும் ஒரே அளவில் தேய்த்தால் போலி என்று உடனே தெரிந்துவிடும். பலரும் தவறுவது இங்கேதான். உப்புத்தாளில் முதலில் 120 எண், பிறகு அதைவிட மென்மையான 180. ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்குக் கீறல்கள் சாயம் பட்டதும் கறுத்துக் காட்டும்.

கேள்வி: என் மேசையும் பைன்தான். வினிகரில் ஸ்டீல் வுல் (மெல்லிய இரும்பு நார்) ஊறவைத்துப் பூசினேன். கறுக்கவில்லை, லேசான சாம்பல் நிறம்தான்.

பதில்: வினிகரில் கரைந்த இரும்பு, மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேரும்போதுதான் கறுக்கும். ஓக்கில் டானின் நிறைய உண்டு, பைனில் மிகக் குறைவு. அதை டீ மூலம் நாம்தான் ஊட்ட வேண்டும். ஒரு கப் கொதிநீரில் நான்கு ஸ்பூன் டீத்தூள் போட்டு, ஆறியதும் வடிகட்டிப் பூசுங்கள். நன்றாகக் காய்ந்தபின் வினிகர்க் கரைசலைப் பூசினால் சில நிமிடங்களில் நிறம் ஏறத் தொடங்கும்.

கரைசலுக்கு அரை லிட்டர் வினிகரும் ஓர் உருண்டை ஸ்டீல் வுல்லும் போதும்; ஒன்றிரண்டு நாள் ஊறட்டும். ஸ்டீல் வுல்லில் எண்ணெய் இருக்கும், சோப்பு நீரில் அலசிவிட்டுப் போடுங்கள். பாட்டிலை இறுக மூடவே கூடாது, ஹைட்ரஜன் வாயு வெளியேற வேண்டும். துணியில் வடிகட்டாமல் பூசினால் இரும்புத் துகள் துருப்புள்ளியாகும். மேசையின் அடிப்பக்கத்தில் முதலில் பூசிப் பாருங்கள்.

கேள்வி: வெள்ளைப் பெயின்ட்டுக்கு அடியில் பழுப்புப் பூச்சு தெரிய வேண்டும். தேய்த்தால் மரம் வரை போய்விடுகிறது.

பதில்: பழுப்புப் பூச்சு முழுக்கக் காய்ந்தபின், தேய வேண்டிய இடங்களில் மட்டும் மெழுகுவத்தியை அழுத்தி உரசுங்கள். அங்கே வெள்ளை பிடிக்காது. காய்ந்ததும் 220 தாள் லேசாகப் பட்டாலே உரிந்து வரும். மெழுகை மிச்சமில்லாமல் துடைத்தெடுங்கள், இல்லையென்றால் வார்னிஷ் ஒட்டாது.

கேள்வி: பல பத்தாண்டுப் பழைய பெயின்ட். உரசலாமா?

பதில்: உலர்வாக உரசவே வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளுக்குப் பெரும் ஆபத்து. பரிசோதித்த பிறகு தொடுங்கள்.

கேள்வி: வெள்ளைப் பசை தடவி வெடிப்பு வரவழைக்கப் பார்த்தேன். பெயின்ட் குழம்பிவிட்டது.

பதில்: தூரிகை அதே இடத்தில் இரண்டாம் முறை போயிருக்கும். பசை விரலில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே, தண்ணீர் கலக்கும் பெயின்ட்டை ஒரே இழுப்பாக இழுத்து விட்டுவிடுங்கள். பசை தடிமனானால் வெடிப்பு அகலமாகும். மேல்பலகையில் இது வேண்டாம், வெடிப்புக்குள் அழுக்கு சேரும். கால்களுக்குப் போதும்.

கேள்வி: கடைசிப் பூச்சு மெழுகா, வார்னிஷா?

பதில்: தினமும் புழங்கும் மேசைக்குத் தண்ணீர் கலக்கும் பாலியூரிதேன் வார்னிஷ், பளபளப்பில்லாத வகை, மூன்று பூச்சு. அரக்குப் பாலிஷ் கண்ணுக்கு இன்னும் அழகுதான். ஆனால் சூடான கோப்பை வைத்தால் வெள்ளை வளையம் விழும். மூலைகளில் கருமெழுகு வேண்டுமென்றால் பாலியூரிதேன் காய்ந்தபின் மேலே தடவுங்கள். வார்னிஷ் இல்லாத பெயின்ட்டில் நேராகத் தடவினால் திட்டுத்திட்டாகும். அங்கே நிறமற்ற மெழுகு முதலில், கருமெழுகு அதன்மேல்.