மறைத்துச் சொல்லும் வரலாறு விசுவாசத்தைக் காக்குமா?

கேள்வி: டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கும் கிறிஸ்தவக் குடும்பம் நாங்கள். 13 வயது மகளுக்கும் 9 வயது மகனுக்கும் வீட்டிலேயே பாடம் நடத்துகிறேன். அமெரிக்க வரலாற்றுக்காகச் சபைத் தோழி ஒருவர் கொடுத்த பாடநூல், இந்த நாட்டைத் தேவனே தெரிந்தெடுத்தார் என்று தொடங்கி, அடிமைமுறையை ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறது. நூலகத்திலிருந்து எடுத்துவந்த இன்னொரு நூலோ, கிறிஸ்தவர்கள் செய்த கொடுமைகளை மட்டுமே அடுக்குகிறது. “அதையெல்லாம் இப்போதே சொல்லிப் பிள்ளைகளின் விசுவாசத்தைக் கெடுத்துவிடாதே” என்கிறார் கணவர். எதை வைத்துப் பாடம் நடத்துவது?
– வாசகி, டெக்சஸ்

பதில்: சகோதரி, உங்கள் கணவரின் அச்சம் நியாயமானதே, ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதில் நான் அவரோடு மாறுபடுகிறேன். இன்னும் ஐந்தாண்டுகளில் உங்கள் மகள் கல்லூரிக்குப் போய்விடுவாள். அடிமைகளை வைத்திருப்பவரை மிஷனரியாக நியமிக்கலாமா என்ற தகராறில்தான் 1845-இல் தென்மாநில பாப்டிஸ்ட் சபையார் தனியாகப் பிரிந்தார்கள் என்பதையும், அடிமைமுறைக்குத் துணைநின்றதற்காக அவர்கள் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது 1995-இல்தான் என்பதையும் அங்கே யாராவது ஒருவர் அவளுக்குச் சொல்லத்தான் போகிறார். அதை முதன்முதலில் அந்நியர் வாயிலாகக் கேட்கும் பிள்ளை, “அம்மா ஏன் இதைச் சொல்லவில்லை?” என்று யோசிப்பாள், அம்மா சொல்லிக்கொடுத்த ஜெபத்தின் மீதும் அந்தச் சந்தேகம் படர அதிக நாள் ஆகாது.

உங்களிடமுள்ள இரண்டு நூல்களுக்கும் குறை ஒன்றுதான். கிறிஸ்தவர்கள் அனைவரும் ஒரே அணியில் நின்றதாக இரண்டுமே எண்ணிக்கொள்கின்றன. உண்மையில், இந்நாட்டின் பெரிய வழக்குகள் பலவற்றில் பைபிளைக் கையில் வைத்திருந்தவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். மனச்சாட்சியின்படி தேவனைத் தொழ வேண்டும் என்று கடல் கடந்து வந்தவர்களின் மாசசூசெட்ஸ் குடியேற்றமே போதகர் ரோஜர் வில்லியம்ஸை நாடுகடத்தியது. அவர் 1636-இல் பிராவிடன்ஸ் ஊரை நிறுவி, எந்த விசுவாசியும் அஞ்சாமல் வாழ இடம் கொடுத்தார். எழுப்புதல் பிரசங்கியாரான ஜார்ஜ் விட்ஃபீல்டு, ஜார்ஜியாவில் அடிமைமுறையை அனுமதிக்க வேண்டும் என்று வாதாடினார். அதற்கு வெகுகாலம் முன்பே, 1688-இல், பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் அடிமைமுறையை எதிர்த்து எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்கள். தென்மாநில பாப்டிஸ்டுகள் பிரிந்த அதே 1845-இல்தான், அடிமையாயிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் தம் வாழ்க்கைக் கதையை வெளியிட்டு, கிறிஸ்துவின் மார்க்கம் வேறு, அடிமை வைத்திருப்போரின் மார்க்கம் வேறு என்று அதன் பின்னிணைப்பில் பிரித்துக் காட்டினார். அந்தப் பின்னிணைப்பை மகளிடம் வாசிக்கக் கொடுங்கள். உங்கள் கணவரும் வாசிக்கட்டும்.

தமிழ்க் கிறிஸ்தவர்களான நமக்கு நெருக்கமான ஒரு கதையும் இதில் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு 1816-இலும் மதுரைக்கு 1834-இலும் மிஷனரிகளை அனுப்பிய அதே அமெரிக்கன் போர்டு என்னும் மிஷனரி சங்கம்தான், சாமுவேல் வூஸ்டரை அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களிடம் அனுப்பியது. அவர்களுடைய நிலத்தில் தங்குவதற்கு ஜார்ஜியா அரசிடம் உரிமம் வாங்க மறுத்ததற்காக, 1831-இல் அவருக்கு நான்காண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம், செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் 1838-இல் அம்மக்கள் படைபலத்தால் மேற்கே விரட்டப்பட்டார்கள். வழியிலும் முகாம்களிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அவர்களில் தங்கள் சொந்த மொழியில் கீர்த்தனை பாடிய கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். உங்கள் மகனுக்கு இந்தக் கதை போதும். சாவின் விவரங்களை அவனுக்கு வர்ணிக்க வேண்டியதில்லை, பொய் மட்டும் சொல்லாதிருந்தால் சரி.

“தேவனே தெரிந்தெடுத்த நாடு” என்ற வரியைப் பற்றி மகளோடு தர்க்கம் செய்யாதீர்கள். ஒரு பென்சிலைக் கொடுத்து, 1776-ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்திலும் அரசியல் சட்டத்திலும் தேவனைக் குறிக்கும் சொற்களுக்கு அடிக்கோடிடச் சொல்லுங்கள். முன்னதில் சிருஷ்டிகர், உலகின் நியாயாதிபதி என்பன போன்ற நான்கு சொற்கள் கிடைக்கும். பின்னதில் “ஆண்டவரின் ஆண்டு” என்று தேதி குறிக்கும் மரபுச் சொல்லைத் தவிர ஒன்றும் கிடைக்காது. மாறாக, பதவிக்கு மதத் தகுதி கேட்கக் கூடாது என்ற விதி ஆறாம் பிரிவில் இருக்கும். இதற்குக் காரணம் என்ன என்று அவளே கேட்கட்டும். தேவன் தேசங்களை நடத்துகிறார் என்பது நம் விசுவாசம். அதைக் குடும்ப ஜெபத்தில் அறிக்கையிடலாம், வரலாற்று நோட்டில் சான்று இல்லாமல் விடையாக எழுதக் கூடாது.

உள்நாட்டுப் போருக்கு வரும்போது, 1865 மார்ச் 4 அன்று லிங்கன் ஆற்றிய இரண்டாம் பதவியேற்பு உரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 700 சொற்கள்தான். ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடலாம். பக்கத்தில் தமிழ் பைபிளைத் திறந்துவைத்து, லிங்கன் எடுத்தாண்ட வசனங்களைப் பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள்: மத்தேயு 7:1, மத்தேயு 18:7, சங்கீதம் 19:9. ஆதியாகமத்தின் “முகத்தின் வேர்வையால்” என்ற சொல், அவர் உரையில் பிறர் முகத்து வேர்வையாக மாறியிருப்பதைக் கண்டுபிடிக்க மகளுக்குச் சற்று நேரமாகும்; அவசரப்பட்டு நீங்களே சொல்லிவிடாதீர்கள். இரு தரப்பாரும் ஒரே பைபிளை வாசித்து ஒரே தேவனிடம் ஜெபிக்கிறார்கள் என்ற வரி வரும் இடத்தில் வாசிப்பை நிறுத்தி, யாருடைய ஜெபம் கேட்கப்பட்டது என்று கேளுங்கள். இந்தப் பாடத்தை மட்டும் உங்கள் கணவரையே நடத்தச் சொல்வது நல்லது என்பேன்.

கேள்வி: நாங்களும் டெக்சஸில் வீட்டுக்கல்வி நடத்துகிறோம், விரைவில் நியூயார்க் மாநிலத்துக்குக் குடிபெயர்கிறோம். வரலாற்றுப் பாடத்தில் விதிகள் மாறுமா?
– மற்றொரு வாசகி

பதில்: மாறும். டெக்சஸில் வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமைப் பண்பு ஆகியவை இடம்பெறும் பாடத்திட்டம் இருந்தால் போதும். நியூயார்க்கில் வீட்டுக்கல்வியைத் தொடங்கிய 14 நாள்களுக்குள் பள்ளி மாவட்டத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பாடத்திட்டமும் காலாண்டு அறிக்கைகளும் கொடுக்க வேண்டும். அமெரிக்க வரலாறு அங்கே கட்டாயப் பாடம். எட்டாம் வகுப்புக்குள் நியூயார்க் மாநில வரலாற்றையும், அமெரிக்கா, நியூயார்க் ஆகிய இரண்டின் அரசியல் சட்டங்களையும் ஒருமுறையேனும் கற்பித்திருக்க வேண்டும். இன்றிலிருந்தே நோட்டுகளில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.