மஞ்சப்பையில் கட்டிய மார்க் ஷீட்

அக்கா,

போன ஞாயிறு டெல்லி மலை மந்திர் கோயில் படிக்கட்டில் பிரசாதத் தொன்னையோடு என்னை நிறுத்தி நீங்கள் கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. பின்னால் வரிசை நின்றது, 2025 ஜூன் கடைசி வெயில் வேறு. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது, இந்த இரண்டு மாதத்தில் ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் எத்தனையோ பெற்றோர் இதையே வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறார்கள். அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன். பெயர் போடவில்லை, பயப்படாதீர்கள்.

"எட்டாவதில் கொரோனா, ட்வெல்த்தில் போர். இந்தப் பசங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்றீர்கள். நியாயமான ஆத்திரம். ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னீர்கள்: போர் பயத்தில் பெண் படிக்கவே இல்லை, அதனால்தான் நீட்டில் 412. அங்கே கொஞ்சம் தேதியைப் பார்ப்போம். நீட் நடந்தது மே 4. பாகிஸ்தானில் நம் படை தாக்குதல் நடத்திய ஆபரேஷன் சிந்தூர் மே 7 அதிகாலை. போர்டு பரீட்சை ஏப்ரல் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, ஏப்ரல் 22 முதல், வீட்டில் நாள் முழுக்க டிவி ஓடியது உண்மைதான். அதை ஓடவிட்டது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. மே 10-ம் தேதி அரசே சேனல்களைப் பார்த்து, நிகழ்ச்சிகளில் சைரன் சத்தம் போடாதீர்கள் என்று சொல்லவேண்டி வந்தது என்றால் நம் வீட்டு ஹால் எப்படி இருந்திருக்கும்!

412-ஐ வைத்து அழவும் வேண்டாம். இந்த வருடம் வினாத்தாள் கடினம், முதலிடமே 720-க்கு 686 தான். போன வருட கட்ஆஃபைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்குத் தப்பும். பார்க்க வேண்டியது மார்க்கை அல்ல, ரேங்கை. சுமார் 22 லட்சம் பேர் எழுதி 12.36 லட்சம் பேர் தகுதி பெற்றிருக்கிறார்கள். 2025 கணக்குப்படி நாட்டில் மொத்த எம்பிபிஎஸ் இடம் 1.17 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், அதில் பாதிக்கு அருகில் தனியார் கட்டணம். பெண் அரசு இடத்தைத் தொடுவது கஷ்டம் என்பதைக் குலதெய்வத்தின் மேல் பாரம் போட்டு மறைக்க முடியாது. அதை ஏற்றுக்கொண்டு பேசுவோம்.

மே 7 ராத்திரி நீங்கள் செய்ததைச் சொன்னீர்களே, எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது. லோதி காலனி குவார்ட்டர்ஸில் எட்டு மணிக்கு விளக்கணைப்பு ஒத்திகை, கால் மணி நேரம். நீங்கள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பெண்ணின் பத்தாவது மார்க் ஷீட், ஆதார், சாதிச் சான்று, பாஸ்போர்ட், ஒரு ஜோடி வளையல் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு முடிச்சுப் போட்டு வாசல் ஆணியில் மாட்டினீர்கள். இப்போதும் அங்கேயேதான் தொங்குகிறதாம். சிரிக்காதீர்கள், அந்த வாரம் உங்கள் வீட்டில் நடந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். வளையலை மட்டும் திரும்ப பீரோவில் வையுங்கள். சிபிஎஸ்இ மார்க் ஷீட் டிஜிலாக்கர் என்கிற அரசு ஆவணச் செயலியில் இருக்கும், பெண்ணிடம் சொல்லி இறக்கிக்கொள்ளுங்கள். மற்றவற்றை ஸ்கேன் எடுத்து அவள் மெயிலுக்கும் உங்கள் மெயிலுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புங்கள்.

என் பெரியப்பா 1971-ல் இதே டெல்லியில் ஹையர் செகண்டரி படித்தவர். அப்போது பதினோராவதோடு பள்ளி முடிந்துவிடும். டிசம்பர் 3-ம் தேதி போர் தொடங்கியதும் ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் பழுப்புத் தாள் ஒட்டி, பல்பைத் துண்டால் சுற்றி, அடியில் விழும் வட்ட வெளிச்சத்துக்குள் புத்தகத்தை நகர்த்தி நகர்த்திப் படித்ததாகச் சொல்வார். இரண்டு வாரத்தில் போர் முடிந்தது. "கெமிஸ்ட்ரியில் ஃபெயில் ஆகிவிடுவேன் என்கிற பயம் பாகிஸ்தான் விமானத்தைவிடப் பெரிசா இருந்துது" என்பார்.

அதாவது, போர் முதலில் கை வைப்பது தேதியில். தேதி தள்ளிப்போகும், திரும்பி வரும். மே 9 முதல் 14 வரை இருந்த சிஏ தேர்வுகளை நிறுத்தினார்கள், மே 16-லிருந்து 24-க்குள் நடத்தியும் முடித்தார்கள். உக்ரைனில் போர் தொடங்கிய 2022-லேயே பழைய நுழைவுத் தேர்வுகளைத் தூக்கிவிட்டு, பல பாடங்களை ஒரே நாளில் கணினியில் எழுதும் தேர்வாக்கிவிட்டார்கள். சைரன் ஒலித்தால் அப்படியே நிறுத்திவிட்டுப் பதுங்குமிடத்துக்குப் போகவேண்டியது, அபாயம் நீங்கியதும் வந்து விட்ட இடத்திலிருந்து எழுதவேண்டியது. அவ்வளவு தூரம் ஏன், தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாமல் குப்பி விளக்கில் ஏ.எல். (நம் பிளஸ் டூ மாதிரி) படித்தவர்கள் இன்று டாக்டராகவும் இன்ஜினியராகவும் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பட்டது கொஞ்சநஞ்சமில்லை, நம் மே மாதத்தை அதோடு ஒப்பிட எனக்கே கூச்சமாக இருக்கிறது.

தேதி திரும்பி வரும் என்றேன். பயத்தில் எடுத்த முடிவு அப்படித் திரும்பாது. உங்கள் விஷயத்தில் என்னை உறுத்துவது, வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறேன் என்கிற அந்த லக்ஷ்மி நகர் ஏஜெண்டுதான்.

"இந்தியாவில் எப்போ போர் வரும்னு சொல்ல முடியாது, வெளியே அனுப்பிடுங்க" என்று அவர் சொன்னாராம். இந்த ஜூனில்தான், இஸ்ரேலோடு போர் மூண்டதால், ஈரானில் மருத்துவம் படித்த நம் பிள்ளைகள் ஆர்மீனியா வழியாக டெல்லியில் வந்து இறங்கினார்கள். ஜூன் 19 விடியற்காலை முதல் விமானத்தில் 110 பேர். ஆபரேஷன் சிந்து என்ற அரசு மீட்பு நடவடிக்கையில் ஈரானிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் இதுவரை 4,000 பேருக்கு மேல் திரும்பிவிட்டார்கள். ஏஜெண்டு வீட்டில் டிவி இல்லை போலிருக்கிறது.

வெளிநாட்டு எம்பிபிஎஸ்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் போரை மனதில் வைத்து அதைப் பார்ப்பதென்றால் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: மூன்றாம் வருடத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவர நேர்ந்தால் மீதிப் படிப்பை எங்கே முடிப்பது? தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 நவம்பர் விதிப்படி குறைந்தது 54 மாதப் படிப்பும் 12 மாத இன்டர்ன்ஷிப்பும் அதே வெளிநாட்டுக் கல்லூரியில் நடந்திருக்க வேண்டும், ஆங்கில வழியில். அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யும் தகுதியையும் அந்தப் பட்டம் தர வேண்டும். பாதியில் இந்தியக் கல்லூரிக்கு மாறுவது என்பது கிடையாது. உக்ரைனிலிருந்து திரும்பிய நம் மாணவர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போயும் இங்கே கல்லூரி இடம் கிடைக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் இருந்தவர்களுக்கு மட்டும், ஒரே ஒரு முறை, இங்கே தேர்வு எழுத வழி விட்டார்கள். மற்றவர்கள் வேறு நாட்டுக் கல்லூரிகளைத் தேடிப் போனார்கள். இவ்வளவும் தாண்டி வந்தாலும் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தேர்வை இங்கே எழுத வேண்டும், தேற 300-க்கு 150. 2024-ல் நடந்த இரண்டு தேர்விலும் பத்துக்கு மூன்று பேர்கூடத் தேறவில்லை.

இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. 2020-ல் ஜனக்புரிப் பையன் ஒருவனை உக்ரைனுக்கு அனுப்பலாமா என்று அவன் அப்பா கேட்டபோது, ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு, குளிர் எல்லாம் விசாரித்துவிட்டுச் சரி என்று சொன்னவன் நான். எல்லையில் பிரச்சினை 2014-லிருந்தே இருந்தது, அது எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. 2022 மார்ச்சில் போலந்து எல்லையில் இரண்டு ராத்திரி நின்று, ஆபரேஷன் கங்கா என்ற அரசு மீட்பு விமானத்தில் வந்து இறங்கினான். ஒரு வருடம் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு, அப்புறம் வேறொரு நாடு, மறுபடி ஃபீஸ். அவன் அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே ஏஜெண்டிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா என்று நான் கேட்டபோது நீங்கள் கோபுரத்தைப் பார்த்தீர்கள். கொடுத்திருந்தால் ரசீது இருக்கட்டும்.

இனி பெண்ணின் ஆசை. நீங்கள் இதை ஒரு புகாராகத்தான் சொன்னீர்கள். மே 7 அன்று கர்னல் சோஃபியா குரேஷியும் விங் கமாண்டர் வியோமிகா சிங்கும் மேடையில் நின்று விளக்கியதைப் பார்த்ததிலிருந்து யூனிஃபார்ம் யூனிஃபார்ம் என்கிறாளாம். மே 30-ம் தேதி தேசியப் பாதுகாப்பு அகாடமியிலிருந்து முதல்முறையாக 17 பெண்கள் தேர்ச்சி பெற்று வெளியே வந்ததும் அது இன்னும் ஏறிவிட்டது. டிவி பார்த்து வந்த ஆசை என்று தள்ளிவிடாதீர்கள். நம்மில் பாதிப் பேர் தொழிலைத் தேர்ந்தெடுத்தது பக்கத்து வீட்டு அண்ணனைப் பார்த்துத்தானே? ஆனால் ஆசைக்கும் பாடத்துக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். அவள் கணக்கு எடுக்கவில்லை, பயாலஜி. அகாடமியில் கடற்படை, விமானப்படைக்கு இயற்பியலும் வேதியியலும் கணக்கும் வேண்டும், தரைப்படைப் பிரிவுக்கு எந்தப் பாடமானாலும் சரி. அகாடமியின் செப்டம்பர் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பத் தேதி இந்த மாதமே முடிந்துவிட்டது. வயது பத்தொன்பதரைக்குள் என்பதால் அடுத்த தேர்வுக்கு அவளுக்கு நேரம் இருக்கிறது. அதில் கணக்குத் தாளும் உண்டு, அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் இருவரும் பார்க்காத ஒரு வாசல் இருக்கிறது. ராணுவ நர்சிங் சேவை. புனே, கொல்கத்தா, மும்பை அஸ்வினி, லக்னோ, பெங்களூரு, அப்புறம் நம் டெல்லி தௌலா குவான் ஆஸ்பத்திரி, ஆறு இடங்களில் மொத்தம் 220 பேருக்கு நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங். பெண்களுக்கு மட்டும், திருமணமாகாதவர்களுக்கு. நீட் மார்க்கை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள், பிறகு ஒரு கணினித் தேர்வு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை. படிப்புக்குச் செலவு இல்லை. முடித்தால் லெப்டினன்ட். பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு நடுவில் ஓட முடியாது. "நர்சா?" என்று உங்கள் முகம் போகும் போக்கு எனக்குத் தெரிகிறது. போர்க்காலத்தில் படிப்பைப் பற்றிப் பேசுகிறோம் அக்கா, காயம்பட்டவனுக்கு முதலில் தெரியும் முகம் எது என்று யோசியுங்கள். 412 அங்கே அழைப்பு வாங்கித் தருமா என்பதை அறிவிப்பு வந்தபின் பார்ப்போம், விண்ணப்பிக்கக் காசு அதிகம் ஆகாது.

எம்பிபிஎஸ் கவுன்சிலிங்கையும் விட வேண்டாம். ஆனால் ஒன்றைத் தீர்மானியுங்கள்: பதினொன்று, பன்னிரண்டு இரண்டையும் இங்கே படித்தவள் என்பதால் டெல்லி கோட்டாவில் நிற்கலாம். ஊர் திருநெல்வேலி என்று நேட்டிவிட்டி சான்று வாங்கித் தமிழ்நாட்டிலும் கேட்கலாம். இரண்டு மாநிலத்திலும் பூர்வீகம் என்று எழுதிக்கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். சான்றுக்கு உங்கள் மாமனாரைத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பும் முன் உங்கள் கணவரின் பள்ளிச் சான்று கையில் இருக்கிறதா என்று பாருங்கள், அதைக் கேட்பார்கள்.

கல்லூரிச் சேர்க்கைக்கான கியூட் பொது நுழைவுத் தேர்வு எழுதியிருக்கிறாள் அல்லவா? முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம், டெல்லி பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளம் ஜூன் 17 முதல் திறந்திருக்கிறது. படிவத்தை இந்த வாரமே முடிக்கச் சொல்லுங்கள். ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி நீட் எழுதுவதா என்பதை அவளிடம் கேட்டுத்தான் சொல்வேன், உங்களிடம் கேட்டு அல்ல.

புதன்கிழமை ஆறு மணிக்கு மேல் வாருங்கள், இரண்டு பேரும். மஞ்சப்பையை அப்படியே எடுத்து வாருங்கள். போனில் இருக்கும் அந்த சைரன் வீடியோவை மட்டும் வரும் வழியிலேயே அழித்துவிடுங்கள்.